தூண்டில் இரை வாங்கினால் ரசீதைக் கசக்கிப் போடாதீர்கள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு: 2022 முதல் மாகாணம் 4 இரை மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு மண்டலத்து இரை மீனையோ அட்டையையோ, செத்ததானாலும் சரி, இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது. வீடு இருக்கும் மண்டலத்தைத் தாண்டிப் போனால் இரையை அங்கேயே உரிமம் பெற்ற கடையில் வாங்குங்கள். ரசீது கையிலிருக்கட்டும், இரண்டு வாரத்துக்குள் இரையைத் தீர்த்துவிட வேண்டும்.

மிச்ச இரையை, ‘பாவம், பிழைத்துப் போகட்டும்’ என்று ஏரியில் விடுவதுதான் பெரிய வினை. வெள்ளிக் கெண்டை போன்ற ஆக்கிரமிப்புக் கெண்டைகளைக் குஞ்சுப் பருவத்தில் இரை மீன்களிலிருந்து பிரித்தறிவது கடினம்; தெரியாமலே உங்கள் வாளியில் கலந்திருக்கலாம். வளர்ந்தால் உள்ளூர் மீன்குஞ்சுகள் உண்ணும் மிதவை உயிர்களையே வழித்துத் தின்றுவிடும்.

மிச்ச இரையை வாளித் தண்ணீரோடு சேர்த்து, கரையிலிருந்து 30 மீட்டருக்கு அப்பால் தரையில் கொட்டுங்கள். தங்கமீனை இரையாகப் போடுவதும் சட்டவிரோதம்தான்.