வாத்தியார் வேலையிலிருந்து வெப் டெவலப்மென்ட்: முதல் புராஜெக்ட் மதிப்பெண் பட்டியலாக இருக்கட்டும்

மதுரைப் பக்கம் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டே வெப் டெவலப்மென்ட் படிக்கிறீர்களா? வேலையை உடனே விட வேண்டாம். தினம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் பக்கத்தின் அமைப்புக்கு எச்டிஎம்எல், தோற்றத்துக்கு சிஎஸ்எஸ், பிறகு பக்கத்தை இயங்க வைக்க ஜாவாஸ்கிரிப்ட். மூன்றும் கைக்கு வராமல் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி பக்கம் போகாதீர்கள். படிக்க ஃப்ரீகோட்கேம்ப், எம்டிஎன் என்ற இணையதளங்கள் இரண்டும் இலவசம்.

வீடியோ பார்த்து அப்படியே அடித்த புராஜெக்ட் இன்டர்வியூவில் நிற்காது. உங்களுக்கு அத்துப்படியான மதிப்பெண் பட்டியலையே செய்யுங்கள்: 5 பாடம், மொத்தம், தேர்ச்சிக்கு 35. புதிதாகப் படிப்பவர்கள் இடறுவது இங்கேதான். இன்புட் பெட்டியிலிருந்து வருவது எண் அல்ல, ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்துத் தொடர். 45-ஐயும் 38-ஐயும் கூட்டினால் 83 வராது, 4538 வரும். ஜாவாஸ்கிரிப்டின் நம்பர் ஃபங்ஷன் போட்டு எண்ணாக மாற்றுங்கள். அதுவோ காலிப் பெட்டியை 0 ஆக்கிவிடும். பரீட்சைக்கே வராத பிள்ளை பூஜ்யம் வாங்கியதாகக் காட்டும். அதனால் காலியா என்று முதலில் சோதியுங்கள். ஆசிரியருக்கு இது சட்டென்று உறைக்கும். இன்டர்வியூவில் இதையே விளக்குங்கள்.

முடித்ததும் கிட்ஹப் பேஜஸ் என்ற வெப் ஹோஸ்டிங் சேவையில் ஏற்றுங்கள், செலவில்லை. விண்டோஸில் தெரிந்த படம் அங்கே தெரியவில்லையா? பெரும்பாலும் ஃபைல் பெயருக்கும் கோடில் எழுதிய பெயருக்கும் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருக்கும். மாணவர்களின் உண்மையான பெயரோ மதிப்பெண்ணோ புராஜெக்ட்டில் இருக்கவே கூடாது.

இலந்தைக்குளம், வடபழஞ்சி எல்காட் ஐடி வளாகக் கம்பெனிகளுக்கு விண்ணப்பிக்கும்போது ரெஸ்யூமேயின் மேலேயே அந்த புராஜெக்ட்டின் லிங்க் இருக்கட்டும். ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகே ராஜினாமா. நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று இப்போதே எடுத்துப் பாருங்கள்.