ஆலை விரிவாக்கத்தில் டேக் பட்டியலே முதல் வேலை

கடலூர் சிப்காட் போன்ற இடத்தில், இயங்கிக்கொண்டிருக்கும் ரசாயன ஆலையில் புதிய பிரிவு ஒன்றைச் சேர்க்கும் பணி கைக்கு வந்ததும், முப்பரிமாண மாதிரியைத் திறந்து குழாய் வரையவே எவருக்கும் கை துறுதுறுக்கும். அதைச் சற்றே தள்ளிவைத்து, முதலில் டேக் பட்டியலை, அதாவது உபகரணங்களின் அடையாள எண்களின் பட்டியலை, முடியுங்கள். குழாய்களும் கருவிகளும் எப்படி இணைகின்றன என்று காட்டும் பி அண்ட் ஐடி வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு பம்பு, கலன், வால்வு, அளவுக்கருவி, குழாய்த் தொடருக்கும் ஒரே ஒரு டேக் எண்தான் இருக்க வேண்டும். வரைபடம், மாதிரி, தரவுத்தாள், கொள்முதல் ஆணை, பராமரிப்பு மென்பொருள் ஆகிய ஐந்தையும் இணைப்பது அந்த எண் ஒன்றே.

எண்ணிடும் விதியைப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. அளவுக்கருவிகளுக்கு ஐஎஸ்ஏ 5.1 தரநிலை இருக்கிறது. அதில் முதல் எழுத்து, அளக்கப்படுவது அழுத்தமா, வெப்பநிலையா, பாய்வா, மட்டமா என்பதைச் சொல்லும். அனல் மின் நிலையங்களில் ஜெர்மனியில் உருவான கேகேஎஸ் முறை பரவலாக வழங்குகிறது. ஆலையில் ஏற்கெனவே ஒரு முறை வழக்கில் இருந்தால், அது எவ்வளவு பழையதாயினும் அதையே தொடருங்கள். உண்மையில் தொல்லை தருவது எழுதும் விதம்தான். வரைபடத்தில் பி-2101ஏ என்றும், தரவுத்தாளில் பி 2101-ஏ என்றும், கொள்முதல் ஆணையில் பி2101ஏ என்றும் இருந்தால், நம் கண்ணுக்கு அது ஒரே பம்பு, கணினிக்கு மூன்று. கோடு எங்கே வரும், இடைவெளி உண்டா, இலக்கங்கள் எத்தனை என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, உபகரணம் தருபவர் உட்பட அனைவருக்கும் கொடுங்கள். அதே விதியைத் தரவுத்தளத்திலும் பொருத்திவிட்டால், தவறான வடிவம் உள்ளே நுழையாது.

அடுத்து, ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு பொறுப்பாளரை நியமியுங்கள். மோட்டாரின் திறனை எடுத்துக்கொள்வோம். அது பம்பின் தரவுத்தாள், மின்சுமைப் பட்டியல், கேபிள் அட்டவணை என மூன்று இடங்களில் இடம்பெறும். பம்பு தருபவர் 15 கிலோவாட் மோட்டாரை 18.5 ஆக மாற்றி, அது தரவுத்தாளில் மட்டும் திருத்தப்பட்டால், பழைய கணக்கின்படி வாங்கிய கேபிளும் பிரேக்கரும் தளத்தில் வந்து இறங்கிய பிறகே விஷயம் வெளிப்படும். ஆகவே அந்த எண்ணை ஒருவர் மட்டுமே, ஒரே இடத்தில் மாற்ற வேண்டும். மற்ற ஆவணங்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே எண்ணை மூன்று எக்செல் தாள்களில் தனித்தனியாகத் தட்டச்சு செய்யும் பழக்கத்தை ஒழிக்காத வரை, எவ்வளவு விலை கொடுத்து மென்பொருள் வாங்கினாலும் பயனில்லை.

பழைய ஆலையின் வரைபடங்களை நம்பி இணைப்புப் புள்ளிகளைத் தீர்மானிக்காமல், லேசர் ஸ்கேன் எடுங்கள். ஆனால் ஸ்கேன் மேற்பரப்பை மட்டுமே காட்டும். 168.3 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள ஆறங்குலக் குழாயின் மேல் 50 மில்லிமீட்டர் காப்புறை இருந்தால், ஸ்கேன் தரும் புள்ளித் தொகுப்பான பாயின்ட் கிளவுடில் ஏறத்தாழ 268 மில்லிமீட்டர் உருளை ஒன்றுதான் தெரியும். உள்ளே இருக்கும் குழாயின் அளவையும் தரத்தையும் குழாய்த் தொடர்களின் பட்டியலான லைன் லிஸ்ட்டே சொல்ல வேண்டும்.

உயரக் குறியீட்டிலும் கவனம் தேவை. மாதிரியில் ஆலையின் தரைமட்டத்தை 100.000 மீட்டர் என வைத்துக்கொள்வது வழக்கம். அந்த நூறு, கடல்மட்டத்திலிருந்து உண்மையில் எத்தனை மீட்டர் என்பதைத் திட்டத்தின் முதல் ஆவணத்திலேயே பதியுங்கள். கடலூர் சிப்காட் உப்பனாற்றின் ஓரத்தில் அமைந்த தொழிற்பேட்டை; 2011 டிசம்பரில் தானே புயலும், 2015 இறுதியில் பெருவெள்ளமும் கடலூரைத் தாக்கின. மின் பலகைகளின் அடித்தள உயரத்தை வெள்ளமட்டத்தோடு ஒப்பிட, அந்த ஒரு வரி இல்லாமல் முடியாது. கடற்காற்றின் குளோரைடு, காப்புறைக்குள் சூடாக இருக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் விரிசலை உண்டாக்கக்கூடியது என்பதால், காப்புறை வகைக்கும் பூச்சு முறைக்கும் தரவுத்தளத்தில் தனிப் புலங்கள் வையுங்கள்.

ஒவ்வொரு கோப்பும் வேலையில் உள்ளதா, பகிரப்பட்டதா, வெளியிடப்பட்டதா, காப்பகத்தில் உள்ளதா என்ற நிலையைக் காட்ட வேண்டும். 2018-இல் கட்டுமானத் துறைக்காக வந்த ஐஎஸ்ஓ 19650 தரநிலையின் இந்தப் பகுப்பு ஆலைப் பணிக்கும் நன்கு பொருந்துகிறது. மோதல் சோதனையில் குழாயும் இரும்புத் தூணும் முட்டுவதை மென்பொருளே கண்டுபிடித்துவிடும். வெப்பப் பரிமாற்றியின் குழாய்க் கற்றையை வெளியே இழுக்கத் தேவைப்படும் காலி இடத்தையும் மாதிரியில் ஒரு பொருளாக வரைந்தால்தான் அது கணக்கில் வரும். மாதிரிப் பரிசீலனைக்கு ஷிஃப்ட் ஆபரேட்டர்களைக் கட்டாயம் அழையுங்கள். வால்வுக் கைப்பிடி எட்டாது என்பதை மேலாளர்களைவிட அவர்களே முதலில் சொல்வார்கள்.

தளத்தில் நேரும் மாற்றங்களைச் சிவப்பு மையில் குறித்து, காப்புறை போர்த்துவதற்கு முன்பே மாதிரியில் ஏற்றுங்கள். ஒப்படைப்பை ஒப்பந்தத்திலேயே கட்டிப்போடுவது நல்லது: எந்தப் புலங்கள், எந்தக் கோப்பு வடிவம், எந்தத் தேதி என்று எழுதி, இறுதித் தவணையை அதோடு இணைத்துவிடுங்கள். ஏற்றுக்கொள்ளும் முன், பட்டியலிலிருந்து சில டஜன் டேக் எண்களைக் குலுக்கல் முறையில் எடுத்துக்கொண்டு, பராமரிப்புப் பொறியாளரோடு தளத்துக்குச் சென்று, உபகரணத்தின் பெயர்ப்பலகையையும் திரையில் உள்ள பதிவையும் வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்; பொருந்தாதவை அகப்பட்டால், ஒப்படைப்பு முழுவதையும் திருப்பி அனுப்புங்கள்.