தெற்குப் பக்கம் பார்த்துவிட்டு சோலார் போடுங்கள்

பெங்களூரு ஹொரமாவில் எங்கள் வீடு 30க்கு 40 அடி மனை. மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டது ஒரு ஜூன் மாதம். அளக்க வந்தவர் நடுமதியத்தில் சுற்றிப் பார்த்துவிட்டு, "நிழலே இல்லை சார்" என்றார். அன்றைக்கு இல்லைதான். டிசம்பரில் தெற்கு வீட்டு மாடிப்படி ரூமின் நிழல் முதல் வரிசை பேனல்களின் கீழ்ப்பாதியில் வந்து உட்கார்ந்தது. பேனல்களைச் சங்கிலிபோல் கோத்திருப்பதால், இரண்டின் மேல் விழுந்த நிழல் மொத்த உற்பத்தியையும் இறக்கியது. கழற்றி வடக்கே தள்ளிப் போட்டோம்; அதற்குக் கூலி தனி.

பெங்களூரு இருப்பது 13 டிகிரி வடக்கில். ஜூனில் உச்சிச் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். டிசம்பரில் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடும். மதியத்திலேயே 10 அடிச் சுவர் ஏழரை அடி நிழல் போடும். அதனால், தெற்கே உள்ள சுவர் பேனலின் கீழ் விளிம்பைவிட எத்தனை அடி உயரமோ, குறைந்தது அத்தனை அடி தள்ளி பேனலை வையுங்கள். தண்ணீர் டேங்க் வடக்கு ஓரத்துக்குப் போகட்டும்.

தெற்கே காலி மனை இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். இன்று காலி, நாளை மூன்று மாடி. மனை வாங்கும்போது தெற்கு வாசல் வேண்டாம் என்று பலர் ஒதுக்குகிறார்கள். சோலாருக்கு அதுதான் ராசியான மனை: முன்னால் ரோடு, அதன்மேல் யாரும் கட்ட முடியாது. லேஅவுட் போடுகிறவர்களே தெருவின் திசையையும் கட்டட உயரத்தையும் வெயிலை வைத்து வகுத்தால், ஒருவர் கட்டுவதால் இன்னொருவர் மாடி இருட்டாகாது. இது நடக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மற்றவை சுலபம். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி, நல்ல வெயிலில் தினம் 4 யூனிட். 2024இல் வந்த பிரதமர் சூர்யகர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். விண்ணப்பிக்கும் முன் பெஸ்காம் (பெங்களூரு மின் வாரியம்) கரண்ட் பில் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்; இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

அப்புறம், பேட்டரி இல்லாத சோலார் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. பழைய யு.பி.எஸ்ஸை விற்றுவிடாதீர்கள்.