புதைந்த எரிவாயுக் குழாய்களில் அரிப்பை ஆய்வது எப்படி?

மண்ணுக்கடியில் செல்லும் எரிவாயுக் குழாயை இரண்டு அரண்கள் காக்கின்றன. ஒன்று எஃகின் மேலுள்ள காப்புப் பூச்சு. மற்றொன்று, மண்வழியே குழாய்க்குச் சிறு மின்னோட்டம் செலுத்தி, பூச்சு விட்டுப்போன இடங்களில் அரிப்பைத் தடுக்கும் கேத்தோடு மின்பாதுகாப்பு. இவ்விரண்டும் எங்கே ஒருசேரத் தோற்றிருக்கின்றன என்று தேடுவதே ஆய்வாளரின் பணி.

முதலில் குழாய் பதித்த ஆண்டு, பூச்சின் வகை, பழைய கசிவுகள், அருகே செல்லும் உயரழுத்த மின்தடங்கள் ஆகியவற்றின் பதிவுகளைத் திரட்ட வேண்டும். மண்ணின் மின்தடைத்திறனையும் அளந்துகொள்ள வேண்டும். 1,000 ஓம்-சென்டிமீட்டருக்குக் குறைந்த மண் கடுமையாக அரிக்கக் கூடியது.

அடுத்து, வோல்ட்மீட்டரின் ஒரு முனையை, குழாயோடு இணைந்த சோதனைக் கம்பத்தின் கம்பியிலும் மறுமுனையைத் தாமிரம்–தாமிர சல்பேட் மின்முனையிலும் இணைத்து, குழாயின் நேர்மேலே ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு ஒருமுறை அம்மின்முனையை ஈரமண்ணில் ஊன்றி அளந்துகொண்டே செல்ல வேண்டும். மின்னோட்டம் பாயும்போது கிடைக்கும் அளவில் மண்ணில் ஏற்படும் மின்னழுத்த வீழ்ச்சியும் கலந்திருப்பதால், பாதுகாப்பு உள்ளதைவிட மிகுதியாகத் தோன்றும். ஆகவே அப்பகுதிக்குப் பாதுகாப்பு மின்னோட்டம் தரும் எல்லா ரெக்டிஃபையர்களையும் (மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கும் கருவிகள்) ஒரே கணத்தில் துண்டித்து, துண்டித்த உடனே வரும் அளவையே ஏற்க வேண்டும். அது −850 மில்லிவோல்ட்டோ அதனினும் கூடுதல் எதிர்மமாகவோ இருத்தல் வேண்டும். சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்கள் வாழும் மண்ணில் −950 தேவை. ஒரேயொரு ரெக்டிஃபையர் துண்டிக்கப்படாமல் விடுபட்டிருந்தாலும், அன்றைய அளவுகளை ஒதுக்கிவிட்டு மீண்டும் அளப்பதே முறை என்பது என் உறுதியான கருத்து.

பூச்சிலுள்ள ஓட்டைகளைத் தனியே கண்டறிய, இரு மின்முனைகளை ஒன்றிரண்டு மீட்டர் இடைவெளியில் ஊன்றி, மண்ணின் மின்னழுத்தச் சரிவை அளக்கலாம். ஓட்டையைத் தாண்டியதும் முள் எதிர்ப்பக்கம் சாயும்.

இவ்விரு முறைகளுக்கும் புலப்படாத ஆபத்து ஒன்று உண்டு. பூச்சு கிழியாமலே எஃகிலிருந்து பிரிந்து நின்றால், இடையில் நீர் புகுந்து தேங்கும். பாதுகாப்பு மின்னோட்டமோ பூச்சைக் கடந்து உள்ளே எட்டாது. மேலே அளவுகள் நன்றாகவே வர, அடியில் அரிப்பு தொடரும். பாலிஎத்திலீன் நாடா சுற்றிய பழைய குழாய்களில் இதை எப்போதும் ஐயுற வேண்டும். அத்தகைய தடங்களில், சுவர் தேய்ந்த இடங்களைக் காட்டும் காந்தப் பாயக் கசிவை அளக்கும் 'பிக்' கருவியைக் குழாயினுள்ளே செலுத்துவது சிறந்தது. வளைவுகளும் வால்வுகளும் அதற்கு இடம் தராவிட்டால் தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

குழாயின் அழுத்தத்தைக் குறைத்த பிறகே தோண்ட வேண்டும். பூச்சை உடனே சுரண்டிவிடாமல், அதனடியில் தேங்கிய நீரின் பிஎச் அளவைக் குறித்து, அரிப்புப் படிவின் மாதிரியை எடுத்துக்கொள்ள வேண்டும்; துடைத்தபின் காரணத்தைச் சொல்லும் தடயம் மிஞ்சாது. பிறகு குழிகளின் ஆழத்தையும், அவை நீளவாக்கில் பரவியுள்ள தூரத்தையும், மீயொலிக் கருவியால் எஞ்சிய சுவர்த் தடிமனையும் அளந்து, தாங்கக்கூடிய அழுத்தத்தைக் கணக்கிட வேண்டும். ஆழம் சுவர்த் தடிமனில் 80 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் கணக்கிட வேண்டியதே இல்லை, பழுதுபார்த்தே ஆக வேண்டும்.

அளவுகள் குறையொன்றும் காட்டாத ஓரிடத்தையும் தோண்டிப் பார்ப்பது அவசியம். அங்கே கடும் அரிப்பு தென்பட்டால், அந்தத் தடம் முழுவதற்கும் தேர்ந்தெடுத்த முறைகளையே முதலிலிருந்து மறுபரிசீலனை செய்ய வேண்டும்.