வீட்டிலேயே லேயர் கட்: கத்தரிக்கோலை எடுக்கும் முன் டேப்பை எடுங்கள்

மூன்றாவது முறையாக என் தலைமுடியை நானே லேயராக, அதாவது முன்னால் குட்டையாகவும் பின்னால் போகப் போக நீளமாகவும் விழும்படி, வெட்டியிருக்கிறேன். இந்த முறைதான் இரண்டு பக்கமும் சமமாக, நான் நினைத்த இடத்தில் வந்து விழுந்தது. முதல் முறை முன்முடி மோவாய்க்கு மேலே ஏறிவிட்டது. காதுக்குப் பின்னால் ஒதுக்கினாலும் நிற்காது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. தான் வளரும், 6 செ.மீ. கூடுதலாக வெட்டிவிட்டால் அரை வருடம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

செய்வது இவ்வளவுதான்: எல்லா முடியையும் நெற்றிக்கு மேலே, முடி தொடங்கும் இடத்தில் ஒரே போனிடெயிலாகக் கட்டி, நுனியை வெட்டி, அவிழ்த்துவிடுவது. தோளுக்குக் கீழே முடி உள்ளவர்களுக்கான முறை இது. அதைவிடக் குட்டையான முடிக்கு வேண்டாம். பின்முடி நெற்றிவரை வரவே வராது.

இப்படி வெட்டினால் ஏன் லேயர் விழுகிறது?

இதைப் புரிந்துகொள்ளாமல் வெட்டியதுதான் நான் செய்த தவறு. நெற்றியோரத்து முடிக்குப் போனிடெயில் அதன் வேரிலேயே தொடங்குகிறது. பிடரி முடியோ உச்சியைத் தாண்டி நெற்றிவரை வரவேண்டும். அதன் நீளத்தில் பெரும்பகுதி அந்தத் தூரத்திலேயே தீர்ந்துவிடும். ஆகவே போனிடெயிலின் கடைசி நுனியில் இருப்பது பெரும்பாலும் முன்முடியும் உச்சிமுடியும்தான். ஒரே இடத்தில் வெட்டும்போது முன்முடி நிறையக் குறைகிறது. பிடரி முடி கொஞ்சமாகக் குறைகிறது, அல்லது கத்தரிக்கோலுக்கு எட்டுவதே இல்லை. அவிழ்த்ததும் முன்னால் குட்டையாகவும் பின்னால் போகப் போக நீளமாகவும் விழுவது இதனால்தான்.

கட்டிய இடத்திலிருந்து வெட்டிய இடம் வரை எத்தனை அங்குலமோ, அதுதான் உங்கள் மிகக் குட்டையான லேயரின் நீளம். நுனியில் எவ்வளவு போகிறது என்று பார்க்காதீர்கள், மேலே எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். முதல் முறை நான் நுனியை மட்டும் பார்த்து வெட்டினேன்.

கருவிகள்

முடி வெட்டுவதற்கென்றே செய்த 5.5 அங்குலக் கத்தரிக்கோல் ஒன்று கட்டாயம் வேண்டும். காகிதம் வெட்டுவதும் துணி வெட்டுவதும் இதற்கு ஆகாது. முடி அதன் வாயில் வழுக்கி, நசுங்கி, சில வாரங்களில் நுனி பிளக்கத் தொடங்கும். ஒரு பக்கம் சீப்புப் பல் போல இருக்கும் தின்னிங் கத்தரிக்கோலை முதல்முறை வெட்டுகிறவர்கள் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எங்கே எவ்வளவு போனது என்று அதில் கண்ணுக்குத் தெரியாது. ரேசரும் அப்படித்தான். மற்றபடி நெருக்கமான பல் உள்ள சீப்பு, தையல் டேப், துணி சுற்றிய தடித்த ரப்பர் பேண்ட் ஒன்று, மெல்லிய சின்ன ரப்பர் பேண்ட் ஒன்று. இரண்டு பேண்ட் எதற்கு என்பது கீழே வரும்.

ஈர முடியில் வெட்டாதீர்கள். நனைந்த முடி நீண்டு நிற்கும், காய்ந்ததும் மேலே ஏறும். முந்தின நாள் குளித்து, நன்றாக உலர்ந்து, சிக்கு இல்லாத முடிதான் வசதி.

அளவெடுப்பது

மிகக் குட்டையான முடி எங்கே விழவேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். முதல்முறை என்றால் தோள் எலும்பு வரை போதும், மோவாய் வரை போகாதீர்கள். டேப்பின் நுனியை நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் வைத்து, கன்னத்தின் ஓரமாக, முடி விழும் வழியிலேயே இறக்கி, நினைத்த இடத்தில் எவ்வளவு என்று பாருங்கள். அத்துடன் 2 செ.மீ. சேர்த்து எழுதி வையுங்கள்.

கட்டுவது

தலையைக் குனிந்து முடியை எல்லாம் முன்னால் விட்டு, பிடரியிலிருந்து நெற்றி நோக்கி நன்றாக வாருங்கள். தடித்த பேண்டால் நெற்றி நடுவில், மூக்குக்கு நேராகக் கட்டுங்கள். கட்டு இடப்பக்கம் ஒரு விரல் நகர்ந்தாலும் வலப்பக்க முடி கூடுதல் தூரம் வந்து சேருகிறது. வெட்டிய பிறகு அந்தப் பக்கம் நீளமாக நிற்கும். கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

இனி வருவதுதான் இரண்டாவது முறையும் என்னை ஏமாற்றிய இடம். கட்டிய அதே பேண்டை வெட்டும் இடம்வரை இழுத்துக்கொண்டு போனேன். பேண்ட் கீழே இறங்கும்போது ஒரு பக்க முடியை இறுக்கமாக இழுத்துக்கொண்டு, மறுபக்க முடியைத் தளர்வாக விட்டுவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கட்டாகத்தான் தெரிந்தது. அவிழ்த்த பிறகு பார்த்தால் வலமும் இடமும் 3 செ.மீ. வித்தியாசம்.

இப்போது செய்வது வேறு. நெற்றியில் இருக்கும் முதல் பேண்டை அசைக்கவே மாட்டேன். அதன் கீழே முடியைச் சீப்பால் நான்கு பக்கமும் தனித்தனியாக வாருவேன்: மேல், கீழ், இடம், வலம். பிறகு சீப்பை முடிக்குள் வைத்தபடியே கீழே இழுத்து, அதன் பின்னாலேயே இரண்டு விரலால் முடியைத் தட்டையாகப் பிடித்துக்கொண்டு வருவேன். டேப் அளவு வந்ததும் சின்ன ரப்பர் பேண்டை அங்கே புதிதாகக் கட்டுவேன். மெல்லிய ரப்பர் முடியைக் கவ்விப் பிடிக்கும், வெட்டும்போது நழுவாது. இரண்டு பேண்டுக்கும் நடுவில் எந்த முடியும் வளைந்து தொங்கக்கூடாது; தொங்கினால் சின்ன பேண்டை மட்டும் அவிழ்த்து மறுபடி வாருங்கள். நான் சாதாரணமாக இதை மூன்று நான்கு முறையாவது செய்வேன்.

வெட்டுவது

சின்ன பேண்டுக்குக் கீழேதான் வெட்டவேண்டும். கத்தரிக்கோலைக் குறுக்கே வைத்து ஒரே வெட்டாக வெட்டினால் முகத்தோரத்தில் படிக்கட்டு போலக் கோடு விழும். கத்தரிக்கோலின் முனை மேலே பார்க்க, முடியின் நீளவாக்கில் பிடித்து, 1 செ.மீ. ஆழத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி வெட்டுங்கள். நேரமாகும், பரவாயில்லை.

அவிழ்த்து, உதறி, வழக்கமான வகிடு எடுத்துப் பாருங்கள். இன்னும் குட்டையாக வேண்டும் என்றால் மறுபடி கட்டி 1 செ.மீ. வெட்டலாம். அதற்குத்தான் அந்த 2 செ.மீ.

சரிபார்க்க, இரண்டு காதுக்கும் முன்னால் இருக்கும் முடியை மோவாய்க்குக் கீழே கொண்டுவந்து சேர்த்துப் பிடியுங்கள். ஒரு பக்கம் நீளம் என்றால் அந்தப் பக்கத்தை மட்டும் நெற்றி நடுவுக்கு இழுத்து, மறுபக்கத்து முடி ஒரு கொத்தைப் பக்கத்தில் வைத்து, அது முடியும் இடம்வரை மட்டும் கொத்தி வெட்டுங்கள்.

பின்னால் சேர்த்தவை

சுருட்டை முடிக்கு என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். முதலில் எழுதும்போது எனக்கு அது தோன்றவில்லை. நெற்றியோரத்தில் ஒரு சுருளை நேராக இழுத்து நுனி எங்கே வருகிறது என்று பாருங்கள், பிறகு விட்டுவிட்டு எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். அந்த வித்தியாசத்தையும் டேப் அளவோடு கூட்டிக்கொள்ளுங்கள். 4 அங்குலம் ஏறினால் 4 அங்குலம் முழுதாகக் கூட்டவேண்டும்.

ஏற்கெனவே நெற்றியில் குட்டையாக வெட்டிய முன்முடி இருந்தால் அதைக் கிளிப் போட்டு ஒதுக்கிவிட்டு மீதியைக் கட்டுங்கள்.

அடர்த்தி குறைந்த முடி உள்ள ஒருவர் வெட்டிய பிறகு நுனி மெலிந்து வாலாகத் தொங்குகிறது என்று எழுதினார். மேலே குறைத்த முடி எல்லாம் கீழே இல்லாமல் போவதால் அப்படித் தெரிகிறது. மெல்லிய முடிக்குக் குட்டையான லேயர் வேண்டாம். தோளுக்கும் கீழே வைத்து வெட்டுங்கள். ஏற்கெனவே மெலிந்துவிட்டது என்றால் பின்பக்கத்து நுனியை மட்டும் 2, 3 செ.மீ. நேராக வெட்டினால் அடிப்பக்கம் உடனே கனத்துத் தெரியும். அவரும் அதைச் செய்துவிட்டு, இப்போது நன்றாக இருக்கிறது என்று சொன்னார்.