அங்கதக் கவிஞரைப் பற்றி அறிமுகக் கட்டுரை எழுதுவது எப்படி? ஞானக்கூத்தனை முன்வைத்துச் சில குறிப்புகள்

அங்கதக் கவிஞரை, அதாவது கேலியால் குறைகளைச் சுட்டும் கவிஞரை, அறிமுகப்படுத்தும்போது பிறப்பு, படிப்பு, விருதுகள் என்று தொடங்குவதைத் தவிர்ப்பது நல்லது; அவர் எதைப் பார்த்துச் சிரித்தார் என்பதையே முதலில் கண்டறிய வேண்டும். ஞானக்கூத்தன் 1938இல் மயிலாடுதுறையை ஒட்டிய திருஇந்தளூரில் பிறந்தார், இயற்பெயர் அரங்கநாதன், 'கசடதபற' இதழைத் தொடங்கியவர்களில் ஒருவர், 2016இல் மறைந்தார் என்பவற்றுக்கு ஒரு பத்தி போதும்.

அடுத்து, ஒரே ஒரு கவிதையை எடுத்துக்கொண்டு வாய்விட்டுப் படியுங்கள். அவருடைய 'காலவழுவமைதி' கட்சி மேடைப் பேச்சைக் கேலி செய்வது. அதில் பேச்சாளர் 'தலைவர்களே' என்று விளிப்பதில்லை. 'தலைவரார்களேங்' என்கிறார், வணக்கமும் 'வணக்கொம்' ஆகிவிடுகிறது. கண்ணுக்கு அச்சுப்பிழையாகத் தெரியும் இந்த எழுத்துகளை உரக்கச் சொல்லும்போதுதான் ஒலிபெருக்கியும் மேடையும் எதிரே வந்து நிற்கின்றன. (ஒருமுறை என் கட்டுரைக்கு மெய்ப்புப் பார்த்தவர் அக்கறையோடு 'வணக்கம்' என்று திருத்திவிட்டார், கேலி முழுவதும் அந்த ஓர் எழுத்தோடு போயிற்று. ஆகவே மேற்கோள்களை அச்சுக்குப் போகுமுன் நீங்களே ஒப்புநோக்குங்கள்.) வழுவமைதி என்பது பிழையையே காரணம் காட்டி ஏற்றுக்கொள்ளும் இலக்கண ஏற்பாடு என்பதையும், காலம் என்ற சொல் வினையின் காலத்தோடு நாம் வாழும் காலத்தையும் குறிக்கக்கூடும் என்பதையும் விளக்கினால், தலைப்பிலேயே கேலி தொடங்கிவிடுவதை வாசகர் கண்டுகொள்வார்.

பின்னணியைச் சொல்லாமல் அங்கதம் விளங்காது. அடுக்குமொழிப் பேச்சு அரசியல் செல்வாக்கின் உச்சத்தில் இருந்ததையும், 1967இல் ஆட்சியே மாறியதையும் இரண்டு வரிகளில் நினைவூட்டுங்கள். ஆனால் அதை வைத்து அவரைத் தமிழுக்கு எதிரானவர் என்று முத்திரை குத்திவிட வேண்டாம். தனக்கும் தமிழ்தான் மூச்சு, ஆனால் அதைப் பிறர்மேல் விடமாட்டேன் என்று எழுதியவர் அவர். 'மூச்சு விடுதல்' என்ற அன்றாட வழக்கே அங்கே முழக்கத்தைக் கவிழ்க்கிறது.

புதுக்கவிதைக்காரராகவே அறியப்பட்டாலும் அவர் யாப்போசையை, அதாவது மரபுச் செய்யுளின் ஓசையை, நன்றாகப் பயன்படுத்தினார். அதற்கு ஒரு சான்றாவது கொடுங்கள்.

கடைசியாக, 1973இல் வந்த 'அன்று வேறு கிழமை' தொகுப்பை முழுவதும் படித்த பிறகே எழுத உட்காருங்கள். தலைப்புக் கவிதையில் நாய் ஒன்று நிழலுக்காகப் பாடையின்கீழ் பதுங்குகிறது, உதைபடுகிறது. அதை வேடிக்கைப் பட்டியலில் சேர்ப்பதா, துயரத்தில் சேர்ப்பதா என்று தடுமாற்றம் வந்தால், அந்தத் தடுமாற்றத்தையே கட்டுரையில் எழுதிவிடலாம்.