மூன்றாவது போட்டியோடு நின்றுபோகும் பிள்ளைகள்: செஸ் சொல்லிக்கொடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரெனை ஜெயித்து 18 வயதில் உலக சாம்பியன் ஆனாலும் ஆனார், நீடாமங்கலம், மன்னார்குடி பக்கம் செஸ் கிளாஸ் எங்கே என்று விசாரிக்காத பெற்றோர் குறைவு. நல்லதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறவன் என்கிற முறையில் பார்த்ததைச் சொல்கிறேன். சேருகிற வேகத்திலேயே விட்டும் போகிறார்கள், அதுவும் இரண்டாவது மூன்றாவது போட்டியோடு. பிள்ளைகள் மேல் குற்றம் இல்லை. பெரியவர்கள் நாம்தான், என்னையும் சேர்த்து.

என் தவறு முதலில். நான் ஓப்பனிங்கில், அதாவது ஆட்டத்தின் ஆரம்ப நகர்த்தல்களில் ஆரம்பித்தேன். இத்தாலியன், ரூய் லோபஸ் என்று பெயர்போன ஆரம்பங்களைப் பத்து நகர்த்தல் வரை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள், எதிராளி நாலாவது நகர்த்தலில் வேறு எதையாவது ஆடிவிட்டால் முழிப்பார்கள். ஒரு பையன் முதல் போட்டியில் ராணியோடு நிற்கிறான், எதிரே ஒற்றை ராஜா. மூலைக்கு, எச்8 கட்டத்துக்கு, விரட்டிவிட்டான். கை பரபரக்க ராணியை ஜி6 கட்டத்தில் வைத்தான். எதிர் ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகரக் கட்டமும் இல்லை. ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா, ஆளுக்கு அரைப் புள்ளி. அவனுக்குக் கடைசிவரை என்ன நடந்தது என்றே புரியவில்லை, “சார், என்கிட்டதானே ராணி இருக்கு” என்று அழுதான். அதற்கப்புறம் தலைகீழாக மாற்றிவிட்டேன். முதல் மாதம் காய் குறைந்த பலகைதான்: ராணியை வைத்து செக்மேட், இரண்டு யானையை வைத்து செக்மேட், ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் வைத்து ஒரு ஆட்டம். ஓப்பனிங்குக்கு, நடுக்கட்டத்தைப் பிடி, குதிரை, பிஷப்பை வெளியே எடு, ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் நகர்த்தி ராஜாவைக் கோட்டைக்குள் அனுப்பு, இது போதும் ஒரு வருஷத்துக்கு.

அடுத்தது செல்போன். அதில் ஆடக்கூடாது என்று சொல்லமாட்டேன், பக்கத்து ஊரில் எதிராளி கிடைக்காத பிள்ளைக்கு அது பெரிய வரம். ஆனால் போனில் தப்பான நகர்த்தலை ஆடவே முடியாது, காயைத் தொட்டால் போகக்கூடிய கட்டமெல்லாம் புள்ளி வைத்துக் காட்டும். பலகையில் யாரும் காட்டமாட்டார்கள். செக்கில் இருக்கிற ராஜாவை மறந்துவிட்டு வேறு காயை நகர்த்தி, ஆடி முடித்தேன் என்று ஆட்டக் கடிகாரத்தை அழுத்தினால் சட்டவிரோத நகர்த்தல். முதல் தடவை எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதல், இரண்டாவது தடவை ஆட்டமே போச்சு. தொட்ட காயை ஆடித்தான் ஆகவேண்டும் என்பதும் போனில் கிடையாது. கோட்டை கட்டும்போது யானையை முதலில் தொடுகிற பிள்ளைகள் எத்தனையோ பேர். ராஜாவைத்தான் முதலில் தொடவேண்டும், ஒரே கையால். யானையைத் தொட்டால் எதிராளி விடமாட்டான், யானையைத்தான் ஆடவேண்டும். காய் நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்துவதும் அப்படித்தான். வீட்டில் பத்து ஆட்டம் இந்தக் கறாரோடு ஆடாமல் போட்டிக்கு அனுப்பாதீர்கள்.

போட்டி நாளில் நடப்பது இன்னும் கொடுமை. இரண்டு ரவுண்டு தோற்றதும், “போதும், வாடா போகலாம், பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் அப்பாக்களைத் தஞ்சாவூரிலும் பார்த்தேன், திருவாரூரிலும் பார்த்தேன். இது கபடி நாக்-அவுட் இல்லை ஐயா. ஸ்விஸ் முறை. தோற்றால் வெளியே போவதில்லை, கிட்டத்தட்ட அதே புள்ளி எடுத்தவரோடுதான் அடுத்த ஜோடி. இரண்டு தோற்ற பிள்ளைக்கு மூன்றாவது, நாலாவது ரவுண்டில்தான் தன் அளவு எதிராளி வருகிறான். அந்த நேரம் பார்த்து நாம் கூட்டிக்கொண்டு போய்விடுகிறோம்! ரவுண்டு முடிந்து வெளியே வருகிற பிள்ளையிடம் “ஜெயிச்சியா?” என்று கேட்பதற்குப் பதில் “சாப்பிடுறியா?” என்று கேளுங்கள்.

வயதுக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. “ஒன்பது ஓடுது” என்று நம்மூரில் சொல்வோமே, அந்தக் கணக்கு செல்லாது. போட்டி வருஷத்தின் ஜனவரி 1 தான் அளவுகோல். 2025-ல் ஒன்பது வயதுக்குட்பட்டோர் என்றால் 2016 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

நேரம் குறிப்பதிலும் கோட்டை விடுகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் மழைக்குப் பள்ளி விடுமுறை விடுகிற ஊரில் போய் அந்த மாதத்தில் முகாம் போட்டேன் ஒரு வருஷம், மூன்று பேர் வந்தார்கள், அதில் ஒருவன் குடைக்காக வந்தவன். அதைவிட மோசம், மாலை ஆறு மணி வகுப்பு. ஆண் பிள்ளைகள் சைக்கிளில் வந்துவிடுவார்கள். பெண் பிள்ளைகள் பன்னிரண்டு வயதானதும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள், யாரும் காரணம் சொல்லவில்லை, நானும் ஆர்வம் போய்விட்டது என்று நினைத்தேன். பத்து கிலோமீட்டருக்குள்ளேதான் திருப்பூவனூர் இருக்கிறது. யாராலும் ஜெயிக்க முடியாத ராஜகுமாரியைச் சதுரங்கத்தில் ஜெயித்துத்தான் அந்த ஊர்ச் சிவன், சதுரங்க வல்லபநாதர், கைப்பிடித்தார் என்று தலபுராணத்தைப் பெருமையாகச் சொல்கிறோம், இருட்டிய பிறகு வீடு திரும்ப வழியில்லாத நேரத்தில் வகுப்பை வைக்கிறோம். ஒரு பெண்ணின் ஆச்சிதான் வாசலில் நின்று போட்டு உடைத்தார்: “தம்பி, அவளுக்கு ஆட்டம் புடிக்காமலா இருக்கு? ஏழரைக்கு இந்த ரோட்டுல லைட்டு இருக்கா சொல்லு.”

இப்போது ஞாயிறு காலை ஒன்பது மணி. அந்தப் பெண் வருகிறாள், கூடவே தங்கையையும் அழைத்து வருகிறாள், தங்கைதான் இப்போது என் யானையை வெட்டிக்கொண்டிருக்கிறாள்.